வயசுப் பிள்ளைகளோடு பொதிகைக் காட்டில் ஒரு நாள் நடை: முதல் முறை போகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டைமாடியில் ஏறி நின்றால், மழை கழுவிவிட்ட காலைகளில் மேற்கே மலை நீலமாகத் தெரியும். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து பார்க்கிற மலைதான். அதற்குள் அவர்களை நடத்திக் கூட்டிப்போக வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தபோது மூத்தவன் பதினொன்றாம் வகுப்பு, சின்னவள் ஏழாம் வகுப்பு. எனக்கு நாற்பத்தைந்து வயது. வலது முழங்கால் படியேறும்போதே ‘டொக்’ என்று சத்தம் போடும்.

காரையாருக்கு மேலே ஒரே பாதையில் இரண்டு தடவை போயிருக்கிறோம். தைமாதம் போனபோது பாதியில் திரும்பினோம். அடுத்த காலாண்டு விடுமுறையில் கடைசிவரை போனோம். கீழே நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி அந்தத் திரும்பி வந்த நாளில் கற்றுக்கொண்டது.

முதலில் அனுமதி

பாபநாசம், காரையார், முண்டந்துறை, களக்காடு, மாஞ்சோலை எல்லாமே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்தான் வருகின்றன. 1988-இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். இதற்குள் அனுமதி இல்லாமல் கால் வைப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ‘எனக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பின்பக்கமாகக் கூட்டிப்போவார்’ என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த வேலையே வேண்டாம்.

2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் பலர் இறந்த பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. இப்போது நல்ல வழி, 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம். மாநிலம் முழுக்க 40 பாதைகளோடு தொடங்கினார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் பதிவு செய்தால் அந்த மலையை அறிந்த வழிகாட்டி கூட வருவார். வயது வரம்பும் பெற்றோர் ஒப்புதலும் பாதைக்குத் தகுந்தபடி மாறும். பணம் கட்டுவதற்கு முன்னால் அதைப் படித்துவிடுங்கள். முதல் தடவை ‘கடினம்’ பக்கம் போகாதீர்கள். உங்கள் பையன் “நடுத்தரம்லாம் சின்னப்புள்ளைங்க போறதும்மா” என்பான். சொல்லட்டும்.

எந்த மாதம்

நம் மலைக்கு இரண்டு மழை. ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குச் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை; சில வருடம் அது மார்கழிவரை இழுக்கும். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது நினைவிருக்கும். பிப்ரவரி பாதிக்கு மேல் புல் காய்ந்து தீக்காலம் தொடங்கிவிடும், பாதைகளை மூடிவிடுவார்கள். ஆக மீதி இருப்பது இரண்டு சின்ன இடைவெளி: பொங்கல் முடிந்து ஒரு மாதம், அப்புறம் இரண்டு மழைக்கும் நடுவில் செப்டம்பர் கடைசி வாக்கில்.

தேதி முடிவான பின்னும் ஒரு வேலை இருக்கிறது. நம் ஊர் நாளிதழ்களில் தினமும் அணை நிலவரம் போடுவார்கள். பாபநாசம் 143 அடிக்கு இத்தனை, மணிமுத்தாறு 118 அடிக்கு இத்தனை என்று. அதோடு மலைமேல் ஊர்களான ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை மழையளவும் மில்லிமீட்டரில் வரும். விவசாயிகளும் பெரியவர்களும் மட்டும் பார்க்கிற மூலை அது. போவதற்கு முந்தின ஐந்து நாள் அதை எழுதி வையுங்கள். பாளையங்கோட்டையில் வெயில் கொளுத்தும், ஊத்தில் நாற்பது மில்லிமீட்டர் பெய்திருக்கும். நகரத்துக்குச் சொல்கிற வானிலையை நம்பி மலைக்குப் போகக்கூடாது. தொடர்ந்து இரண்டு நாள் ஊத்தில் நல்ல மழை என்றால் நான் தள்ளிவைத்துவிடுவேன். இது என் கணக்கு, சட்டம் ஒன்றுமில்லை.

ஆறு வாரப் பழக்கம்

பிள்ளைகள் பயிற்சி இல்லாமலே ஏறிவிடுவார்கள். பழக வேண்டியது நீங்கள். நான் வாரத்தில் நாலு நாள், நாலு மாடிக் குடியிருப்பு ஒன்றின் படிகளில் இரண்டிரண்டு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் மூன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஏறி இறங்கினேன். காவலாளி அண்ணாச்சி முதல் வாரம், “எந்த வீடுன்னு மறந்துட்டியளாம்மா?” என்று கேட்டார். ஏறுவதைவிட இறங்குவதைப் பழகுங்கள். மூச்சு வாங்குவது ஏற்றத்தில், முழங்கால் போவது இறக்கத்தில்.

நாலாவது வாரம் எல்லோருமாக ஒரு முழு நடை நடந்து பாருங்கள். கடையம் பக்கம் இருப்பவர்களுக்குத் தோரணமலைப் படிகள் இருக்கின்றன. நாங்கள் திருக்குறுங்குடியிலிருந்து மலைமேல் நம்பி கோவிலுக்கு ஒரு சனிக்கிழமை நடந்தோம். ஜீப் போகிற பாதைதான், பக்தர்கள் கூட்டமும் இருக்கும், வழி தவறாது என்று நினைத்தேன். மூத்தவன் ஒரு வளைவில் குறுக்குப்பாதை ஒன்றைப் பார்த்து ஏறிப் போய்விட்டான். மேலே போய்ச் சேர்ந்து எங்களுக்காகக் காத்திருப்பதாக அவன் நினைப்பு. அவன் பின்தங்கிவிட்டானோ என்று நாங்கள் கீழே காத்திருந்தோம். கால் மணி நேரம். கைபேசியில் சிக்னல் இல்லை. ஜீப்பில் இறங்கி வந்த ஒருவர் “நீலச்சட்டைத் தம்பியா, மேல உக்காந்திருக்கான்” என்று சொன்னபோதுதான் என் கையில் நடுக்கம் நின்றது.

அன்று சாயங்காலம் நம்பியாற்றங்கரையில் உட்கார்ந்து மூன்று விதி போட்டோம். பாதை பிரிகிற இடத்தில் முன்னால் போகிறவர் நிற்க வேண்டும், பின்னால் வருகிறவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நகர வேண்டும். ஒவ்வொருவர் கழுத்திலும் விசில். மூன்று தடவை ஊதினால் ஆபத்து என்று அர்த்தம், விளையாட்டுக்கு ஊதக்கூடாது. வழி தவறியதாகத் தோன்றினால் இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும், தேடி அலையக்கூடாது. விதியை நான் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. அவனே காகிதத்தில் எழுதினான். அதனால்தான் அது நின்றது என்று நினைக்கிறேன்.

காலுக்கும் தோளுக்கும்

புது ஷூ வாங்குவதானால் ஒரு மாதம் முன்னால் வாங்குங்கள். சாக்ஸ் போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்கிறமாதிரி. இறக்கத்தில் விரல் முன்னால் போய் இடிக்கும். இடம் இல்லாவிட்டால் நகம் கறுத்துவிடும். முந்தின நாளே கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கல் மாதிரி கனக்கும், காயாது. பள்ளிக்கூட விளையாட்டு உடுப்பின் பேன்ட் போதும். முழுக்கை, மங்கிய நிறம்.

பை விஷயத்தில் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் நீங்கள் சுமக்காதீர்கள். நான் முதல் தடவை அந்தத் தப்பைத்தான் செய்தேன். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், அவரவர் சாப்பாடு, ஒரு மாற்றுச் சட்டையும் சாக்ஸும் பிளாஸ்டிக் அல்லாத நனையாத உறையில், மழைக்கோட்டு. சின்னவளுக்கு 38 கிலோ எடை. அவள் பை நாலு கிலோவைத் தாண்டாமல் தராசில் வைத்துப் பார்த்தோம். குடை எடுக்காதீர்கள். கை இரண்டும் காலியாக இருக்க வேண்டும், அல்லது ஒரு கையில் கம்பு.

பாபநாசம் சோதனைச்சாவடியில் பையைப் பார்ப்பார்கள். ஒருமுறை உபயோகிக்கிற பிளாஸ்டிக் எதையும் உள்ளே விடமாட்டார்கள். மூத்தவனின் சிப்ஸ் பாக்கெட் இரண்டும் அங்கேயே போயிற்று. சாப்பாட்டுக்குப் புளிச்சோறுதான் ராஜா. வாழையிலையில் கட்டினால் மத்தியானம்வரை கெடாது, வாசனை ஏறி இன்னும் நன்றாக இருக்கும். கூடத் துவையல், வறுத்த சீனிக்கிழங்கு. போகிற வழியில் வாயில் போட கோவில்பட்டிக் கடலைமிட்டாய், கருப்பட்டி. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி நாலு. குரங்குக்கு எதுவும் போடாதீர்கள், எதிரில் உட்கார்ந்து சாப்பிடவும் செய்யாதீர்கள்.

பெண் பிள்ளைகள் வைத்திருக்கிற அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. நாள் கணக்குப் பார்த்துத்தான் தேதி வைப்போம், ஆனாலும் அந்த வயதில் கணக்குக்குள் நிற்காது. நாப்கினும், உபயோகித்ததைச் சுற்றித் திரும்பக் கொண்டுவர ஒரு டப்பாவும் அவள் பையிலேயே இருக்கட்டும். காட்டில் புதைக்கக்கூடாது. ஒதுங்கப் போவதாக இருந்தால் தனியாக விடாமல், எந்தப்பக்கம் என்று வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள். கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் நடந்த பிள்ளைகளுக்குத்தான் தலை சுற்றுகிறது.

வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

வயசுப் பிள்ளைகளைச் சும்மா நடக்கவிட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் சண்டை வரும். ஆளுக்கு ஓர் அதிகாரம் கொடுத்தோம். மூத்தவனிடம் நேரம்: அரைமணிக்கு ஒருமுறை எங்கே இருக்கிறோம், எத்தனை மணி என்று நோட்டில் எழுத வேண்டும். காட்டு மேட்டில் குடும்பமாக நடந்தால் மணிக்கு இரண்டு கிலோமீட்டர் வந்தாலே பெரிது. அதை வைத்து அவன் கணக்குப் போட வேண்டும். சின்னவளிடம் மருந்துப்பெட்டியும் தீனியும். எப்போது நிற்பது, யாருக்கு எத்தனை கடலைமிட்டாய் என்பது அவள் தீர்ப்பு. நான் கேட்டும் அவள் ஒருமுறை தரவில்லை.

கைபேசியை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள், இல்லாத சிக்னலைத் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். வீட்டில் ஒருவரிடம் பாதையின் பெயர், வழிகாட்டியின் எண், எத்தனை மணிக்குள் போன் வரும் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். எங்கள் வீட்டில் அது என் கணவர். ஏழு மணி என்று எழுதியிருந்தேன். அவர் ஐந்தரைக்கே பதற ஆரம்பித்திருக்கிறார்.

இன்னொன்று. ஏற்றத்தில் மார்க், டியூஷன், பக்கத்து வீட்டுப் பையன் பேச்சை எடுக்காதீர்கள். அவர்கள் பேசாமல் நடந்தால் நீங்களும் பேசாமல் நடங்கள். மூத்தவன் முதல் இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் ஒரு கருமந்திக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு அவனாகப் பேச ஆரம்பித்து, பன்னிரண்டாம் வகுப்புக்கு அப்புறம் என்ன படிக்க ஆசை என்பதுவரை வந்தான். வீட்டில் நான் ஆறு மாதமாகக் கேட்டு வராத பதில்.

அட்டை, பாம்பு, யானை

அட்டைக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் மதிக்க வேண்டும். ஈரக்காட்டில் நின்ற இடத்தில் ஏறும். பேன்ட்டை சாக்ஸுக்குள் விட்டு, சாக்ஸ் மேல் புகையிலைத் தூளும் சுண்ணாம்பும் கலந்து தேய்த்துக்கொள்வது பழைய வழி. ஓடை தாண்டினால் திரும்பத் தேய்க்க வேண்டும். கடித்ததைப் பிடித்து இழுக்காதீர்கள், உப்பு வைத்தால் விழுந்துவிடும். விழுந்த பின்னும் இரத்தம் வடியும், இரத்தத்தை உறையவிடாத பொருள் ஒன்று அதன் எச்சிலில் உண்டு. அழுத்திப் பிடித்துத் துணி கட்டினால் நிற்கும். சின்னவள் முதல் அட்டைக்கு அழுதாள். ஒன்பதாவதற்கு எண்ணிக்கை சொன்னாள்.

பாம்புக்கு ஒரே பாடம்: பார்க்காமல் கல்லில் உட்காராதே, பார்க்காமல் கட்டையைத் தாண்டாதே. கடித்துவிட்டால் கீறுவதோ, உறிஞ்சுவதோ, இறுக்கிக் கட்டுவதோ கூடாது. அந்தக் காலை அசைக்காமல் வைத்து, ஆளைத் தூக்கிக் கீழே கொண்டுவந்து 108-க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். யானை, கரடி விஷயத்தில் வழிகாட்டி ‘நில்’ என்றால் நிற்க வேண்டும். அவ்வளவுதான், அதற்குமேல் நமக்கு அறிவு கிடையாது. யானையின் புது லத்தியைப் பார்த்தாலே எங்கள் வழிகாட்டி பேச்சை நிறுத்திவிடுவார். பெரிய விலங்கு என்று எங்கள் கண்ணில் பட்டது ஒரு மிளா மான் மட்டும். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது, தலையைத் தூக்கிப் பார்த்தது, போய்விட்டது.

ஓடையும் குச்சியும்

முதல் தடவை எங்களோடு வந்த வழிகாட்டி அண்ணாச்சி காரையார்ப் பக்கத்துக் காணிக்காரர், மலைப் பழங்குடி. ஐம்பது வயதிருக்கும். செருப்போடுதான் வந்தார். காலையில் கிளம்பும்போதே, எங்கே இருந்தாலும் பன்னிரண்டரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று நேரம் குறித்தோம். இதை நீங்களும் செய்யுங்கள், வீட்டில் வைத்தே, எழுத்தில். மேலே போனபின் முடிவெடுத்தால் ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்கிற பேச்சு ஜெயித்துவிடும்.

பதினொன்றரைக்கு ஓர் ஓடைக்கு வந்தோம். முழங்காலுக்குக் கீழே தண்ணீர், அடியில் மணல் தெரிந்தது. அதைத் தாண்டி முக்கால் மணி நேரத்தில் பாதை முடிகிறது. எங்கள் மேல் ஒரு சொட்டு மழை இல்லை. ஆனால் மேற்கே இடி உருண்டுகொண்டிருந்தது. மூத்தவன் ஷூவைக் கழற்றத் தொடங்கிவிட்டான். அண்ணாச்சி, “தம்பி, கொஞ்சம் இரிங்க” என்றார். ஒரு குச்சியை ஒடித்து, தண்ணீர் விளிம்பில் சரியாக நட்டுவைத்தார். எங்களைப் பாறையில் உட்காரச் சொன்னார். “கா மணி நேரம் பாப்போம்.”

ஐந்து நிமிடத்தில் தண்ணீரில் சருகு அதிகமாக வந்தது. எட்டாவது நிமிடம் நிறம் மாறியது, பால் ஊற்றிய டீ மாதிரி. மணல் தெரியவில்லை. சத்தம் கனத்தது. பன்னிரண்டாவது நிமிடம் குச்சியைக் காணோம். குச்சி நின்ற இடத்துக்கு இரண்டடி இந்தப்பக்கம் தண்ணீர் நின்றது. அவர் எழுந்து பையை மாட்டிக்கொண்டார். தாண்டியிருந்தால் அந்தப்பக்கம் மாட்டியிருப்போம். பாதியில் நின்றிருந்தால் அது வேறு கதை.

மூத்தவனுக்குக் கோபம். “இவ்ளோ தூரம் வந்துட்டு” என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கினான். நான் சமாதானம் சொல்லப் போகவில்லை. அண்ணாச்சிதான் இறக்கத்தில் அவனை முன்னால் விட்டு, எங்கெங்கே கால் வைக்கலாம் என்று அவனையே பார்த்துச் சொல்லச் சொன்னார். அரைமணியில் அவன் குரல் மாறிவிட்டது. “அம்மா, அந்தக் கல்லு ஆடுது, இடது பக்கம் வா.”

ஆக, ஓடை விஷயத்தில்: தண்ணீர் கலங்கினாலோ, சருகு கூடினாலோ, சத்தம் மாறினாலோ தாண்டாதீர்கள். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடுகிற தண்ணீரில் பெரியவர்களே நிற்க முடியாது. மேற்கே இடித்தால், நம் மேல் வெயில் அடிப்பது ஒரு பொருட்டே அல்ல. வழிகாட்டி திரும்பலாம் என்றால் பிள்ளைகள் முன்னால் அவரோடு வாதம் செய்யாதீர்கள்.

இறங்கும்போதும் வீட்டிலும்

இறக்கத்தில் அடியைச் சின்னதாக வையுங்கள், முழங்காலைக் கொஞ்சம் மடக்கியே. கம்பு இந்த இடத்தில்தான் உதவும். ஷூவுக்குள் எங்காவது உரசிச் சூடாவதுமாதிரி இருந்தால் உடனே நின்று மருத்துவப் பட்டையை ஒட்டிவிடுங்கள். ‘கீழே போய்ப் பார்த்துக்கலாம்’ என்றால் கொப்புளம்தான் கீழே வரும். நனைந்திருந்தால் முதலில் உடுப்பை மாற்றுங்கள். காற்றில் ஈரத்தோடு நின்றால் நம் ஊர் மலையிலும் பல் தந்தியடிக்கும்.

அம்பாசமுத்திரத்தில் புரோட்டா சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர் வந்தோம், அதற்கு வழிகாட்டி எதுவும் தேவையில்லை. வீட்டு வாசலிலேயே பைகளை உதறுங்கள். மறந்தால் இரண்டு நாள் கழித்துக் குளியலறைச் சுவரில் அட்டை ஊரும். ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். மறுநாளைவிட அதற்கு அடுத்த நாள்தான் கால் அதிகம் வலிக்கும். இந்திய முறைக் கழிப்பறை மட்டும் உள்ள வீடு என்றால் முதலிலேயே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் தடவை அதே ஓடையில் மூத்தவன், யாரும் சொல்லாமலே, ஒரு குச்சியை ஒடித்து விளிம்பில் நட்டான். அது அப்படியே நின்றது. தாண்டினோம்.

இப்போது இரண்டு பேரும் அகத்தியர் மலை உச்சி என்று ஆரம்பித்திருக்கிறார்கள். 1,868 மீட்டர். தாமிரபரணி பிறக்கிற மலை நம்முடையது என்றாலும், உச்சிக்கு ஏறுகிற பாதை கேரளத்தில் போனக்காட்டிலிருந்து போகிறது. அந்த மாநில வனத்துறையிடம் முன்பதிவு செய்ய வேண்டும், தைமாத வாக்கில்தான் விடுவார்கள், உடல்தகுதிச் சான்றிதழ் வேண்டும், பதினான்கு வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. சின்னவளுக்குப் பதினான்கு முடிவது மாசியில். “ஒரு மாசத்துக்காக ஒரு வருஷமா?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்த ஒரு வருடம் வேண்டும். நாலு மாடிப்படியை எட்டாக்க வேண்டும்.